மருத்துவக் கல்வியில் விடுபட்ட வணிக நெறி

ஸ்கேன் மையங்கள் மருத்துவர்களுக்கு இலவசமாக அச்சிட்டுத் தரும் பரிந்துரைச் சீட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேலே மையத்தின் பெயர் இருக்கும். கீழே பரிசோதனைகளின் பெயர்கள் கட்டம் கட்டமாக இருக்கும். மருத்துவர் டிக் அடித்தால் போதும். ஓரத்தில் மருத்துவரின் பெயரோ ஒரு குறியீட்டு எண்ணோ இருக்கும். கமிஷன் கைமாறும் இடங்களில், மாதக் கடைசியில் யாருக்கு எவ்வளவு என்று கணக்குப் பார்க்க உதவுவது அந்த எண்தான். மூத்த மருத்துவரின் பக்கத்தில் உட்கார்ந்து இந்தச் சீட்டை எழுதிக் கொடுக்கும் ஹவுஸ் சர்ஜனுக்கு, அந்த எண் எதற்கு என்று எந்த வகுப்பிலும் சொல்லித் தரப்படவில்லை.

மருத்துவத்தில் பணம் எப்படிப் புழங்குகிறது என்பதைப் பயிற்சி மருத்துவர்கள் கற்றுக்கொண்டுதான் இருக்கிறார்கள். பேராசிரியரிடம் கற்கவில்லை. சீனியரிடமும், மெடிக்கல் ரெப்பிடமும், இரவு டியூட்டி பார்க்கப் போகும் நர்சிங் ஹோமின் மேலாளரிடமும் கற்கிறார்கள். இந்தப் பாடத்துக்குப் பொறுப்பான ஆசிரியர் இல்லை. தவறைத் திருத்துவாரும் இல்லை. ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

விதி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டுத் தொழில்நெறி விதிகள், நோயாளியை அனுப்பிவைப்பதற்காகக் கமிஷன் கொடுப்பதையும் வாங்குவதையும் தடை செய்கின்றன. மருந்து நிறுவனங்களிடமிருந்து பரிசு, பயணம், விருந்தோம்பல் பெறுவதை 2009 டிசம்பரில் வந்த திருத்தம் தடுத்தது. 2016-இல் தண்டனையும் தொகைவாரியாக வரையறுக்கப்பட்டது. 1,000 ரூபாய்க்கு மேல் 5,000 வரை பரிசு பெற்றால் கண்டனம். 1 லட்சத்தைத் தாண்டினால் ஓராண்டுக்கும் மேல் பதிவேட்டிலிருந்து நீக்கம். தடை செய்யப்பட்ட இப்பரிசுகளை நிறுவனங்கள் தொழில் செலவாகக் காட்டி வரிக்கழிவு பெற முடியாது என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட புதிய விதிகள் அதே மாதத்தில் நிறுத்திவைக்கப்பட்டதால், 2002-இன் விதிகளே இன்றும் நடைமுறையில் உள்ளன. மருத்துவர் தம் கட்டணத்தைப் பலகையில் எழுதி வைக்க வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. அப்படி ஒரு விதி இருப்பதே பல நோயாளிகளுக்குத் தெரியாது. படித்து வெளியே வரும் மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

2019 முதல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் மனப்பாங்கு, நெறிமுறை, உரையாடல் திறன் பற்றிய பாடம் சேர்க்கப்பட்டிருக்கிறது. இது நல்ல மாற்றம். மருத்துவருக்கும் மருந்துத் தொழிலுக்கும் உள்ள உறவு பற்றிய பகுதியும் அதன் இறுதிக் கட்டத்தில் உண்டு. ஆனால் ஒரு பகுதி போதாது. கட்டணத்தை எப்படி நிர்ணயிப்பது? சொந்தமாக லேப் வைத்திருக்கும் மருத்துவர் நோயாளியிடம் அதை எப்படித் தெரிவிப்பது? காப்பீட்டுக்காக நோயின் பெயரை மாற்றி எழுதச் சொன்னால் எப்படி மறுப்பது? வேலை ஒப்பந்தத்தில் இத்தனை அட்மிஷன், இத்தனை ஸ்கேன் என்று டார்கெட் இருந்தால் கையெழுத்திடலாமா? இளம் மருத்துவர் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே சந்திக்கும் கேள்விகள் இவை. இவற்றுக்கு முன்கூட்டியே பழக்கித் தர வேண்டியது கல்லூரி.

பட்டமேற்படிப்பில் நிலைமை இன்னும் கவலைக்குரியது. நெறிமுறைப் பாடத்தை முடிக்காமல் தேர்வெழுத முடியாது என்று விதி இருக்கிறது. நல்ல ஆய்வு நடைமுறையும் நல்ல ஆய்வக நடைமுறையும் அதில் பெயர் சொல்லிக் குறிக்கப்படுகின்றன. கமிஷனும் கட்டணமும் அப்படிக் குறிக்கப்படவில்லை; அவையும் குறிக்கப்பட வேண்டும்.

இந்த நிலைக்கான காரணங்களை மறைப்பதில் பயன் இல்லை. தனியார் கல்லூரியில் பெருங்கட்டணம் கட்டிப் படித்தவர் கடனோடு தொழிலுக்கு வருகிறார். கடன் உள்ளவருக்கு முதல் கமிஷன் உறையை மறுப்பது கடினம். இன்னொரு காரணம் ஆசிரியர்களின் மௌனம். தமிழ்நாட்டில் அரசு மருத்துவர்கள் பணி நேரத்துக்குப் பின் தனியாக நோயாளிகளைப் பார்க்க அனுமதி உண்டு. அது குற்றமன்று. ஆனால் காலையில் வார்டில் கற்பிக்கும் ஆசிரியர், மாலையில் தம் கிளினிக்கில் எந்த நெறியோடு கட்டணம் வாங்குகிறார் என்பதை மாணவரிடம் பேசுவதில்லை. பேசாத இடத்தை வதந்தி நிரப்புகிறது.

விளைவை நோயாளிகள் சுமக்கிறார்கள். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21), தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் 63.8 விழுக்காடும் அரசு மருத்துவமனைப் பிரசவங்களில் 36 விழுக்காடும் சிசேரியன். நாடு முழுவதும் இது 47.4, 14.3 விழுக்காடு. இந்த இடைவெளி முழுவதும் பணத்தால் வந்ததென்று சொல்வது நேர்மையாகாது. தாயின் வயது, உடல்நிலை, குடும்பத்தின் விருப்பம் எனப் பலவும் இதில் சேரும். ஆனால் பணத்துக்கு இதில் பங்கே இல்லை என்று சொல்லும் துணிவு யாருக்கும் இருக்காது. நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 2021-22-இல் 39.4 விழுக்காட்டை மக்கள் தம் கைப்பணத்திலிருந்தே கொடுத்தார்கள். தேவையற்ற ஒவ்வொரு பரிசோதனையும் அந்தக் கைப்பணத்தில்தான் விழுகிறது.

சிறு பரிசு தம்மை மாற்றாது என்று இளம் மருத்துவர்கள் உண்மையாகவே நம்புகிறார்கள். 2016-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் சுமார் 2.8 லட்சம் மருத்துவர்களின் பரிந்துரைகள் ஆராயப்பட்டன. நிறுவனத்தின் செலவில் ஒரே ஒரு வேளை சாப்பிட்டவர்கள்கூட, அந்த நிறுவனத்தின் மருந்தை மற்றவர்களைவிட அதிகம் எழுதியிருந்தார்கள். சாப்பாட்டின் சராசரி விலை 20 டாலருக்கும் குறைவு. சாப்பாடுதான் காரணம் என்று அந்த ஆய்வு அறுதியிடவில்லை. ஆனாலும் வகுப்பில் விவாதிக்க இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது.

பொறுப்பு யாருடையது என்பதில் குழப்பம் வேண்டாம். பாடத்திட்டத்தை வகுக்கும் ஒழுங்குமுறை அமைப்பு வணிக நெறியைத் தனிப் பகுதியாக்க வேண்டும். தேர்வு நடத்தும் பல்கலைக்கழகங்கள் அதில் கேள்வி கேட்க வேண்டும். கல்லூரி நிர்வாகங்கள் அதற்கு ஆசிரியரையும் நேரத்தையும் ஒதுக்க வேண்டும். அந்த வகுப்பை எந்த நிறுவனத்தின் நிதியிலும் நடத்தக் கூடாது. மாநில அரசு தன் மருத்துவமனைகளில் பயிற்சி பெறுவோருக்கு இதைக் கட்டாயமாக்க வேண்டும்.

பாடத்திட்டம் மாறும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. ஹவுஸ் சர்ஜன்கள் பணியில் சேரும் நாளில் வார்டு முறை, விடுப்பு முறை எல்லாம் விளக்கப்படுகின்றன. கமிஷன் வாங்குவது விதிமீறல், வாங்கச் சொல்பவர் மீது எங்கே புகார் செய்யலாம், புகார் செய்தவரின் மதிப்பெண்ணில் யாரும் கை வைக்க முடியாது என்ற மூன்று செய்திகளை எழுத்தில், கல்லூரி முதல்வரின் கையெழுத்தோடு, அன்றே அவர்களிடம் கொடுக்கலாம். அதற்குச் சட்டத் திருத்தம் வேண்டாம், நிதி ஒதுக்கீடு வேண்டாம். அடுத்த அணி பணியில் சேரும் நாளிலேயே அந்தத் தாள் அவர்கள் கையில் இருக்க வேண்டும்.