மாத்திரையை மறைக்க வேண்டாம்

பெண்ணுக்கு மோவாயில் முடி வளர்ந்தாலும், முகப்பரு ஆறாமல் நின்றாலும், வகிடு அகன்றாலும் நம் வீடுகளில் முதலில் எழும் கேள்வி, "வரன் அமையுமா?" என்பதுதான். மஞ்சளும் கடலை மாவும் பூசிப் பலனில்லாத பிறகே டாக்டரிடம் போகிறோம். அவர் எழுதித் தரும் மாத்திரையையும் யாருக்கும் தெரியாமல் ஒளித்து வைக்கிறோம். இந்த மறைப்புதான் ஆபத்து என்பது என் கருத்து.

நான் மருத்துவன் அல்லன். ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எனக்குப் புரிந்த வகையில் சொல்கிறேன். ஆண்ட்ரோஜன் என்ற ஹார்மோன் பெண் உடலிலும் சிறிதளவு உண்டு. சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு இருந்தால் பெரும்பாலும் அது மிகுந்துவிடும். அந்த ஹார்மோன் ஒரு சாவி என்றால், முடியின் வேரிலும் தோலின் எண்ணெய்ச் சுரப்பியிலும் அதற்கான பூட்டு இருக்கிறது. ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை பூட்டில் முதலில் புகுந்து உட்கார்ந்துவிடுகிறது, சாவிக்கு இடமில்லை. இது ரத்த அழுத்தத்துக்கும் உடலில் தேங்கிய நீரை வடிக்கவும் 1960 வாக்கில் வந்த பழைய மருந்துதான்.

பலன் உடனே தெரியாது. பருவுக்கு மூன்று மாதம், முடிக்கு ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும். இது பொட்டாசியத்தை உடலில் தங்கவைக்கும். ஆகவே சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

எல்லாவற்றிலும் முக்கியமானது, கர்ப்ப காலத்தில் இம்மருந்து ஆகாது. வயிற்றில் இருப்பது ஆண் சிசுவானால் பிறப்புறுப்பின் வளர்ச்சி பாதிக்கப்படக்கூடும். கல்யாணத்துக்கு முன் தொடங்கிய மாத்திரையைப் புகுந்த வீட்டில் ரகசியமாக விழுங்கும் பெண், குழந்தைக்கு ஆசைப்படும்போது யாரிடம் சொல்வாள்? கணவனுக்குத் தெரிந்திருந்தால்தானே இருவரும் டாக்டரைக் கலந்து முன்கூட்டியே நிறுத்த முடியும்?

என் வயதுக்காரர்களும் கவனிக்க வேண்டும். புராஸ்டேட் வீக்கத்துக்கு நாம் சாப்பிடும் ஃபினாஸ்டரைடும் இதே இனந்தான். உடைந்த மாத்திரையைக் கர்ப்பிணி மருமகள் கையால் தொடக்கூடாது.

ஊரை விட்டு வந்து வாழும் நமக்கு, பெண்ணிடம் பக்குவமாகப் பேச அத்தையோ பாட்டியோ பக்கத்தில் இல்லை. பெற்றோர்தான் பேச வேண்டும். வரன் பேசும்போது இதையும் சாதாரணமாகச் சொல்லுங்கள். மாப்பிள்ளை வீட்டாரும் ஒன்றை யோசிக்கட்டும்: அவர்கள் பையனின் முன்வழுக்கைக்கும் காரணம் இதே ஆண்ட்ரோஜன்தான். அதை நாம் யாரும் குறையாகச் சொல்வதில்லையே!