இழுக்கிற பலமும் நிறுத்துகிற பலமும்

அமெரிக்கா போய் வந்தவரை நம் சங்கத்தில் யாரும் சும்மா விடுவதில்லை. "என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்பார்கள். நயாகரா, சுதந்திர தேவி சிலை என்று பதில் வரும் என்று எதிர்பார்ப்பார்கள். என்னைக் கேட்டபோது, "ஒரு பழைய லாரி பார்த்தேன்" என்றேன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். "இங்கே 34 வருஷம் பார்த்தது போதாதா சார்?" என்றார் ஒரு நண்பர். அந்தச் சிரிப்பில் சொல்ல வந்தது நின்றுபோயிற்று. நம்மில் பலருடைய பிள்ளைகள் அந்த நாட்டில் இருப்பதால், அதை எழுதியாவது வைப்போம் என்று தோன்றியது.

புதிதாக வந்திருக்கும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. நான் ஜாம்ஷெட்பூரில் லாரித் தொழிற்சாலையில் பிரேக் பரிசோதனைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். வண்டி ஓடுவதைப் பார்த்துச் சம்பளம் வாங்கியவர்கள் வேறு. வண்டி நிற்பதைப் பார்த்துச் சம்பளம் வாங்கியவன் நான்.

2023 ஜூலையில் நானும் மனைவியும் டல்லாஸ் அருகே மகள் வீட்டில் இருந்தோம். மாப்பிள்ளை ஒரு டிரெய்லர் வீடு வாங்கியிருந்தார். நீளம் 40 அடி. உள்ளே படுக்கையறை, சமையலறை, குளியலறை, சோபா எல்லாம் உண்டு. நிறுத்திய இடத்தில் பட்டனை அழுத்தினால் சுவரே வெளியே நகர்ந்து கூடம் பெரிதாகும். அங்கே இதற்கு 'ஐந்தாம் சக்கர' டிரெய்லர் என்று பெயர். குதிரை வண்டிக் காலத்தில் முன் அச்சு திரும்புவதற்காகப் படுக்கைவாட்டில் வைத்த வளையத்துக்கு ஏற்பட்ட பெயர் அது. நம் ஊர் டிரெய்லர் லாரியைப் போலவே, டிரெய்லரின் மூக்கில் கீழ்நோக்கி நிற்கும் கிங்பின் இழுக்கிற வண்டியின் முதுகில் உள்ள கொக்கியில் பூட்டிக்கொள்ளும். ஆகவே டிரெய்லரின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு முதல் கால் பங்கு வரை இழுக்கிற வண்டியின் முதுகில் உட்காரும். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டை இழுக்க மாப்பிள்ளையிடம் ஒரு டீசல் பிக்கப் வண்டி இருந்தது. ஐந்து பேர் உட்காரலாம், பின்னால் திறந்த தொட்டி. புறப்படும் நாள் காலையில் டிரெய்லரைப் பூட்டியதும் பிக்கப்பின் பின்பக்கம் அப்படியே கீழே உட்கார்ந்தது. முகப்பு விளக்குகள் சாலையை விட்டு மரத்தைப் பார்த்தன. 34 வருஷம் பார்த்த கண்ணுக்கு அது தெரியாமலா போகும்? மெல்ல, "மாப்பிள்ளை, கனம் கொஞ்சம் ஜாஸ்தியோ?" என்று கேட்டேன்.

"இல்ல மாமா, இது 18,000 பவுண்டு இழுக்கும்னு கம்பெனியே போட்டிருக்கான். நம்ம வீடு அதுக்குள்ளதான்" என்றார்.

நான் வாயை மூடிக்கொண்டேன். அவர் வீடு, அவர் வண்டி. போன இடத்தில் மாமனார் குற்றம் சொன்னால் நன்றாகவா இருக்கும்? பின் ஸீட்டில் ஐந்து வயதுப் பேரன் ஏறி உட்கார்ந்தான். அந்த மௌனத்துக்காக இன்றும் என்னை நான் மன்னிக்கவில்லை.

மூன்றாம் நாள் கொலராடோ மாநிலத்தில் உல்ஃப் கிரீக் கணவாய் வந்தது. உயரம் 10,857 அடி, அதாவது சுமார் 3,300 மீட்டர். மேற்குப் பக்கம் இறங்கும் சரிவு 6.8 சதவீதம். ஒரு கிலோமீட்டர் போனால் 68 மீட்டர் கீழே இறங்கியிருப்போம். பிரேக் தோற்ற லாரிகள் ஏறி நிற்பதற்கென்றே வழியில் மண் மேடுகள் வைத்திருக்கிறார்கள். தொப்பூர் கணவாயில் இறங்கியவர்களுக்கு இந்தப் பயம் புரியும்.

மாப்பிள்ளை கால் பிரேக்கை விட்டு எடுக்கவில்லை. பாதி இறக்கத்தில் எனக்கு வாசனை வந்தது. காய்ந்த பிரேக் லைனிங்கின் வாசனையை என் மூக்கு தூக்கத்திலும் கண்டுபிடிக்கும். "மாப்பிள்ளை, கியரைக் குறைங்க. எங்கே இடம் கிடைச்சாலும் ஓரங்கட்டிடுங்க" என்று கத்தினேன். அந்தக் குரலில் நான் அவரிடம் அதுவரை பேசியதில்லை. நல்ல வேளை, அடுத்த திருப்பத்தில் அகலமான ஓரம் இருந்தது. வண்டி ஒருவழியாக நின்றது. டிரெய்லர் சக்கரங்களிலிருந்து புகை வந்தது. மகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கி ஒரு வார்த்தை பேசாமல் நின்றாள்.

அங்கேதான் அந்த லாரியைப் பார்த்தேன். எங்களுக்கு முன்பே ஓரத்தில் நின்றிருந்தது. டிரெய்லர் லாரியின் முன் தலை, நம் தொழிலில் 'ஹார்ஸ்' என்பார்களே, அது. ஆனால் பின்னால் சரக்குப் பெட்டி இல்லை, எங்களுடையதைவிடப் பெரிய வீடு பூட்டியிருந்தது. எழுபது வயதைத் தாண்டிய கணவனும் மனைவியும் கையில் தண்ணீரோடு எங்களிடம் வந்தார்கள். "ஒரு மணி நேரம் தொடாதீர்கள், ஆறட்டும்" என்றார் அந்தப் பெரியவர். அந்த ஒரு மணி நேரத்தில் நான் பிரேக்காரன் என்று தெரிந்ததும், பிரியமாகத் தன் வண்டியைச் சுற்றிக் காட்டினார்.

அது ஒரு வால்வோ. கம்பெனி ஒன்றில் ஆறு லட்சம் மைல் ஓடிய பின் ஏலத்துக்கு வந்ததை வாங்கினாராம். 12 லிட்டர் என்ஜினுக்கு அது வயோதிகம் அல்ல, நடுவயது. பின்னால் இருந்த இரண்டு அச்சுகளில் ஒன்றை எடுத்துவிட்டு, சட்டத்தின்மேல் ஒரு மேடை கட்டியிருந்தார். டிரெய்லர் வீட்டின் கூடு சரக்கு டிரெய்லரைப் போல முரட்டு உடம்பு அல்ல, லாரியின் உதறலை அது தாங்காது. அதற்காகக் காற்றுப்பை வைத்த கொக்கி பொருத்தியிருந்தார். லாரியின் பிரேக் காற்றில் வேலை செய்வது, டிரெய்லரின் பிரேக் மின்சாரத்தில் வேலை செய்வது. இரண்டையும் இசைவிக்க ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி இருந்தது. கேபினுக்குப் பின்னால் மேடையில் குறுக்குவாட்டில் ஒரு குட்டி ஸ்மார்ட் கார். 2019-இல் அமெரிக்கச் சந்தையை விட்டுப் போன கார் அது. கடைக்குப் போய்வர அதுதானாம்.

இருவரும் சொந்த வீட்டை விற்றுவிட்டு வருஷம் முழுவதும் இதிலேயே வாழ்கிறார்கள். தபால் முகவரி டெக்சஸ் மாநிலத்தில் லிவிங்ஸ்டன். 1978-இல் தொடங்கிய எஸ்கேப்பீஸ் என்ற ஊர்சுற்றிகள் சங்கம் அங்கே உறுப்பினர்களின் தபாலை வாங்கி, அவர்கள் இருக்கும் இடத்துக்கு அனுப்பிவைக்கிறது. ஊர் விட்டு ஊர் வந்தவர்களுக்கு ஒரு சங்கம் வேண்டும் என்பதை நமக்குச் சொல்லவா வேண்டும்!

"ஒரு குடும்பத்துக்கு இவ்வளவு பெரிய லாரியா என்று எல்லோரும் சிரிக்கிறார்கள்" என்றார் பெரியவர். நான் சிரிக்கவில்லை. மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அவர் லாரி எட்டு டன், வீடு ஒன்பது டன். எங்கள் பிக்கப் மூன்றரை டன், வீடு ஏழு டன். அவர் லாரி எல்லாம் சேர்த்து 36 டன்னோடு மலை இறங்குவதற்கென்று பிறந்தது. 17 டன் அதற்கு விளையாட்டு. அதில் காற்று பிரேக், காற்று போய்விட்டால் ஸ்பிரிங் தானாகவே பிரேக்கைப் பிடித்துக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலாக என்ஜின் பிரேக். அமுக்கிய காற்றைத் திரும்பத் தள்ளவிடாமல் வெளியேற்றி, என்ஜினையே வேகத்தைத் தின்னும் பம்பாக்கிவிடும் ஏற்பாடு அது. அதைக் கண்டுபிடித்த கிளெஸ்ஸி கம்மின்ஸ், 1931-இல் கலிபோர்னியாவின் கஹோன் கணவாயில் லாரியோடு இறங்கும்போது பிரேக் தோற்று, குறுக்கே போன சரக்கு ரயிலில் மோதாமல் மயிரிழையில் தப்பினார். அந்த அச்சம் அவரை விடவில்லை. அவர் வடிவமைத்ததை 1961-இல் ஜேக்கப்ஸ் கம்பெனி விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெரியவர் அன்று இறங்கி வந்தபோது பிரேக்கை அநேகமாகத் தொடவே இல்லையாம்.

எங்கள் பிக்கப்பிலும் எக்ஸாஸ்ட் பிரேக் இருந்தது. அதற்கான பட்டனை மாப்பிள்ளை ஒருநாளும் அழுத்தியதில்லை. விற்றவரும் சொல்லவில்லை, சட்டமும் கேட்கவில்லை. டெக்சஸில் இரண்டு வண்டிகளின் அனுமதி எடையும் சேர்ந்து 26,000 பவுண்டுக்குள் இருந்தால் சாதாரண கார் உரிமமே போதும். எங்களுடையது அதற்குச் சற்றுக் கீழே. பெரியவரோ ஏ வகுப்பு உரிமத்துக்குத் தேர்வு எழுதி, வண்டியும் ஓட்டிக் காட்டியவர். சிரிப்புக்கு ஆளானவர் பரீட்சை எழுதியிருக்கிறார். கௌரவமாக ஓட்டிய நாங்கள் எழுதவில்லை.

திரும்பும் வழியில் அமரில்லோவில் லாரிகள் நிற்கும் இடத்து எடை மேடையில் வண்டியை ஏற்றச் சொன்னேன். இருபது டாலருக்குள் ஆகிற காரியம். ஒவ்வொரு அச்சின் எடையையும் தனித்தனியாக அச்சிட்டுச் சீட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். பிக்கப்பின் அச்சுகள்மேல் 11,900 பவுண்டு. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஒட்டுச்சீட்டில் போட்டிருந்த உச்ச வரம்பு 10,000. வரம்புக்கு மேல் 1,900 பவுண்டு, அதாவது 860 கிலோ. விளம்பரம் பொய் சொல்லவில்லை. 18,000 பவுண்டு இழுக்கும் என்றது, இழுத்தது. முதுகில் எவ்வளவு தாங்கும் என்பதை விளம்பரம் பெரிய எழுத்தில் போடவில்லை. அது கதவிடுக்கில் சின்ன எழுத்தில் இருந்தது.

மாப்பிள்ளை சீட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "கிளம்பறப்பவே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு, இல்ல மாமா?" என்றார். "தெரியும் மாப்பிள்ளை" என்றேன். "சொல்லியிருக்கலாமே" என்றார். கோபம் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

இனி என் அபிப்பிராயம். லாரியை வீட்டு வண்டியாக்குவதைப் பைத்தியக்காரத்தனம் என்று சொல்கிறவர்களோடு நான் ஒத்துப்போகமாட்டேன். ஒன்பது டன் வீட்டை இழுத்தே தீருவேன் என்கிறவருக்கு அதுதான் புத்திசாலித்தனம். பளபளப்பான பிக்கப்பை வரம்பு மீறிச் சுமக்கவைப்பதுதான் பைத்தியக்காரத்தனம். ஆனால் எல்லோரும் லாரி வாங்குங்கள் என்றும் சொல்லமாட்டேன். அதை வீட்டு வாசலில் நிறுத்தப் பல குடியிருப்புகளில் விடமாட்டார்கள். எல்லா முகாம்களிலும் அதற்கு இடம் இராது. ஒரு டயர் போனாலும் லாரிக் கணக்கில்தான் செலவு. காப்பீடு தருகிறவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். பதிவுச் சட்டமும் உரிமச் சட்டமும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வீடின்றி வெறும் லாரியாக மழையில் ஓட்டினால், பின் சக்கரத்தில் பாரம் இல்லாமல் வழுக்கும். வருஷம் முழுவதும் அதிலேயே வாழ்கிறவர்களுக்கு இவையெல்லாம் தாங்கும். வருஷத்தில் மூன்று வாரம் ஊர் சுற்றும் குடும்பத்துக்குத் தாங்காது.

மாப்பிள்ளைக்கு ஊர் திரும்பியதும் லாரி ஆசை வந்துவிட்டது. இந்த முறை நான் மௌனமாக இருக்கவில்லை. "இழுக்கிறதைப் பெருசாக்க வேண்டாம் மாப்பிள்ளை, இழுபடறதைச் சின்னதாக்குங்க" என்றேன். மகள் என் பக்கம் சேர்ந்தாள். 40 அடி வீட்டை விற்று 26 அடி வீடு வாங்கினார்கள். விற்றதில் நஷ்டம்தான். நகரும் சுவர் இல்லை, சோபா இல்லை. எடை மேடைச் சீட்டு மட்டும் ஒழுங்காக இருக்கிறது. போன வருஷம் எனக்கு அதைத்தான் முதலில் படம் பிடித்து அனுப்பினார் மாப்பிள்ளை, பேரன் படம் அதற்குப் பிறகுதான் வந்தது!

அன்பர்களே, நம் பிள்ளைகள் நம்மைவிடப் படித்தவர்கள், நம்மைவிடச் சம்பாதிக்கிறவர்கள். அவர்கள் வீட்டுக்குப் போகும்போது விருந்தாளியாகவே இருந்துவிட்டு வருவது நமக்குப் பழகிவிட்டது. பிள்ளைகள் இப்படி ஒரு வண்டி வாங்கியிருந்தால், எத்தனை டன் இழுக்கும் என்று கேட்டுப் பெருமைப்படாதீர்கள். கதவிடுக்கில் என்ன எழுதியிருக்கிறது, எடை மேடைச் சீட்டில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். நான் கேட்காமல் விட்ட ஒரு கேள்விக்கு அந்தக் கணவாயில் என்ன விலை கொடுக்க நேர்ந்திருக்கும் என்று நினைத்தால், இப்போதும் எனக்கு அந்தக் காய்ந்த வாசனை வருகிறது.