சொல் விளங்காமல் விஞ்ஞானம் விளங்குமா?

வேலை என்றால் என்ன? வத்தேகமவைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலே பிறந்த பிள்ளையைக் கேளுங்கள்; கொழுந்துக் கூடை சுமக்கும் தன் தாயைச் சுட்டிக்காட்டும். அதே பிள்ளை விஞ்ஞான வகுப்புக்குச் செல்கிறது. விசையினாற் பொருள் அசைந்தாலன்றி வேலை நிகழவில்லை என்கிறது கரும்பலகை. அவ்வாறாயின், கொழுந்து நிறுப்பதற்காகக் கூடையோடு அசையாது காத்து நிற்கும் தாய் அக்கூடையின் மீது செய்யும் வேலை பூச்சியம்! ஒரே சொல் வீட்டிலே ஒரு பொருளும் வகுப்பிலே வேறு பொருளும் தருவதை எவரும் எடுத்துரைக்காவிடின், பிள்ளை என்ன செய்யும்? விளங்காததை மனனஞ் செய்யும், பரீட்சையிலே தவறும். தவறிய பின், தோட்டத்துப் பிள்ளைக்கு விஞ்ஞானம் வராது என்று தீர்ப்புக் கூறுவோர் பலர். அத்தீர்ப்பை நாம் மறுக்கிறோம்.

குழப்பம் இத்தோடு நிற்கவில்லை. நம் நாட்டுப் பாடநூலிலே திணிவு வேறு, நிறை வேறு. தமிழ்நாட்டு நூலிலோ நம்முடைய திணிவே நிறை. நம்முடைய நிறை எடை. அங்குள்ள நூலைப் புரட்டும் மாணவனுக்கு இதனை யார் சொல்வது? தொழிற்சாலையிலே கொழுந்து நொதிக்கிறது என்கிறோம். விஞ்ஞானமோ அதனை ஒட்சியேற்றம் என்கிறது. கொழுந்து வாடும்போது நிறை குறைவதேன் என்று கேட்டால், "ஆவியாதல்" என்ற ஒற்றைச் சொல்லோடு விடை முடிந்துவிடுகிறது. "கொழுந்திலுள்ள நீர் ஆவியாகி வெளியேறுவதால் அதன் நிறை குறைகிறது" என்று எழுதும் பிள்ளையே காரணத்தையும் காரியத்தையும் பிணைக்கக் கற்ற பிள்ளை. வாக்கியம் அமையாத இடத்திலே சிந்தனையும் அமைவதில்லை.

தமிழ் இதற்கு இடந்தராத மொழியா? 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயிலே தமிழில் மருத்துவம் கற்பித்தார். அதற்காகக் கலைச்சொற்களை வகுத்தார், நூல்களை மொழிபெயர்ப்பித்தார். ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே அன்னியர் ஒருவருக்குக் கைவந்தது இன்று நமக்குக் கைவராதா? குறை மொழியில் இல்லை; கற்பிக்கும் முறையில் உள்ளது.

இலவசக் கல்வி 1945 இல் வந்தது. ஆயினும், தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதோ 1970களிலேதான். பிந்தி வந்தவனுக்கு முந்தி வந்தவனின் வேகம் போதாது.

ஆகவே நாம் கேட்பது இதுதான். ஒவ்வொரு விஞ்ஞான பாடத்திலும் பத்து நிமிடத்தைச் சொல்லுக்கு ஒதுக்குங்கள். புதிய சொற்கள் நான்கைந்து போதும். அச்சொல் வீட்டிலே தரும் பொருள் யாது, வகுப்பிலே தரும் பொருள் யாது என்று கேளுங்கள். பின்னர், பிள்ளை தானே ஒரு வாக்கியம் எழுதட்டும். "ஏனெனில்", "ஆதலால்" என்பன அதில் இடம்பெறட்டும். எழுதியதை ஆசிரியர் திருத்தட்டும். இது தமிழாசிரியரின் கடமையென்று விஞ்ஞான ஆசிரியர் ஒதுங்குவது தகாது. இதற்குப் புதிய கட்டடம் வேண்டியதில்லை, ஆய்வுகூடமும் வேண்டியதில்லை.

வத்தேகம கல்வி வலயம் இதனைத் தொடங்கி வழிகாட்டுமா? தாயின் கூடைக்கு நிறை பார்க்கத் தவறாத நாடு, பிள்ளையின் சொல்லுக்குப் பொருள் பார்க்கத் தவறலாமா?