நிறமும் குலமும்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கலியாணப் பேச்சு எழுகின்ற வீடுகளில், சாதகக் குறிப்பின் ஓரத்திலே "பெண் நல்ல வெள்ளை" என்று தரகர் எழுதிவைக்கும் மூன்று சொற்களுக்கு, அவளுடைய கல்விக்கும் குணத்துக்கும் கிட்டாத மதிப்புக் கிட்டுவதை நாம் நித்தமும் காண்கிறோம். தன் குறிப்பிலே "பொதுநிறம்" என்றிருக்கக் கண்ட ஒரு பெண், ஒன்றும் பேசாமல் அத்தாளை நாலாக மடித்துத் தாயின் கையிற் கொடுத்ததை நான் நேரிற் பார்த்தேன். வெண்மை உயர்குலத்தின் இலட்சணம், கருமை தாழ்வின் முத்திரை என்ற நம்பிக்கையே அவளைத் தலைகுனிய வைத்தது. அந்நம்பிக்கை முழுப் பொய்.

மனிதர் யாவரும் ஆபிரிக்க மூதாதையரின் வழிவந்தோரே. எதியோப்பியாவின் ஓமோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் 1967இல் கண்டெடுக்கப்பட்ட, இரண்டு இலட்சம் ஆண்டுகளுக்குக் குறையாத பழமையுள்ள எலும்புகளிலே, உருண்ட மண்டையும் நிமிர்ந்த நெற்றியும் முன்துருத்திய மோவாயும் ஆகிய நம்முடைய இலட்சணங்களையே காண்கிறோம். ஆபிரிக்காவின் உக்கிரமான வெயிலிலே, கருவில் வளரும் சிசுவுக்கு அவசியமான ஃபோலேட் என்னும் சத்து அழியாமல் காத்தது கருந்தோலே. வெயில் குன்றிய வட தேசங்களிலே உடல் விற்றமின் டி உண்டாக்க வேண்டியிருந்ததால் வெண்தோல் பிற்காலத்திற் பரவியது. இங்கிலாந்தின் செடார் பள்ளத்தாக்கிலே ஏறக்குறைய 10,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மனிதனுக்கும் தோல் கறுத்தே இருந்திருக்கக்கூடும் என்று அவனுடைய மரபணுவைப் பரிசோதித்தோர் 2018இல் அறிவித்தனர்.

"ஆரியர் வெள்ளையர், திராவிடர் கறுப்பர், ஆகையால் நிறமே இனம்" என்பாரும் உளர். ஆனால், ஐரோப்பியரின் தோலை வெளுப்பித்த மரபணு மாற்றங்களுள் முக்கியமான ஒன்று சிங்களவரிடத்தும் தமிழரிடத்தும் ஒருங்கே பரவிக் கிடக்கின்றது. ஒரே தாய் வயிற்றிலே ஒரு பிள்ளை சிவந்தும் மற்றப் பிள்ளை கறுத்தும் பிறப்பதற்கு இத்தகைய மரபணுக் கலப்பே காரணம். இனப்பெயர்களும் பிற்காலத்தவையே: இலங்கையில் புளத்சிங்களவுக்கு அண்மையிலுள்ள பாகியங்கல குகையிலே, ஏறக்குறைய 48,000 ஆண்டுகளுக்கு முன்பே எலும்பு அம்புமுனைகளைக் கூர்தீட்டி, மரந்தாவும் குரங்கை வேட்டையாடி வாழ்ந்த மக்கள் காலத்திலே, சிங்களவர் என்ற பெயருமில்லை, தமிழர் என்ற பெயருமில்லை. அவர்களும் அந்த ஆபிரிக்க மூதாதையரின் சந்ததியாரே.

ஆகவே பெற்றோரை வேண்டுகிறேன்: அடுத்த முறை தரகர் குறிப்பெழுத உட்காரும்போது, நிறத்தைப் பற்றிய அந்த வரியை எழுதவே வேண்டாமென்று சொல்லுங்கள், அவர் எழுதிவிட்டாரேல், உங்கள் கையாலேயே அதனை அடித்துவிடுங்கள்.