பின்தங்கியவர் யார்? வேளாண் விரிவாக்கத்தின் மொழி குறித்து

வேளாண் விரிவாக்கம் பயிலும் மாணவர் எவரும் மனப்பாடமாக அறிந்த ஐவகைப் பகுப்பு ஒன்று உண்டு: புதுமையாளர், முன்னதாக ஏற்போர், முன் பெரும்பான்மையினர், பின் பெரும்பான்மையினர், இறுதியாகப் பின்தங்கியோர். எவரெட் ரோஜர்ஸ் 1962இல் வெளியிட்ட நூலின் வழியே உலகெங்கும் பரவிய பகுப்பு இது. இதற்கு வித்திட்டது, அயோவா மாநில விவசாயிகள் வீரிய மக்காச்சோள விதையை எவ்வளவு காலத்தில் ஏற்றனர் என்பது குறித்து ரையனும் கிராஸும் 1943இல் வெளியிட்ட ஆய்வு. இப்பகுப்பில் பல்கலைக்கழகம் பின்தங்குவதற்கு இடமே இல்லை. விதை சரியானது, பரிந்துரை சரியானது, ஏற்காதவரிடம்தான் குறை. இந்தச் சார்பை ரோஜர்ஸே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். ஐவரையும் பட்டியலிடச் சொல்லும் வினாத்தாள்கள் அந்த ஒப்புதலைப் பற்றிப் பெரும்பாலும் கேட்பதில்லை.

கோளாறு பெயரிலேயே தொடங்குகிறது. சிலி நாட்டின் உழவர்களிடையே பணியாற்றிய பாவ்லோ ஃப்ரெய்ரே, 1969இல் வெளிவந்த தமது சிறுநூலில் ‘விரிவாக்கம்’ என்ற சொல்லின் பொருட்புலத்தையே ஆராய்ந்தார். கொடுப்பவர், பெறுபவர், கொடுக்கப்படும் பொருள், மதிலுக்கு உள்ளிருந்து வெளியே செல்லும் ஒரே திசை ஆகிய அனைத்தும் அச்சொல்லுக்குள் அடங்கியிருப்பதைக் காட்டினார். இந்தியில் இத்துறைக்குப் பெயர் ‘கிருஷி பிரசார்’. வானொலி, தொலைக்காட்சி ஒலிபரப்பைக் குறிக்கும் ‘பிரசார் பாரதி’யில் உள்ள அதே ‘பிரசார்’ இது. ஒலிபரப்புக் கருவிக்கு வாய் உண்டு, செவி கிடையாது.

செவி இல்லாததால் நேர்ந்தது என்ன என்பதற்கு மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்தில் ஒரு சான்று உள்ளது. மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்ட தாதாஜி கோப்ரகடே, 1983இல் தம் நெல்வயலில் மாறுபட்டுத் தெரிந்த சில கதிர்களைத் தனியே பிரித்து, ஆண்டுக்கணக்கில் தேர்ந்து பெருக்கினார். அந்நாளில் புகழ்பெற்றிருந்த கைக்கடிகாரத்தின் பெயரால் எச்.எம்.டி. எனப்பட்ட அந்நெல் பல மாநிலங்களுக்குப் பரவியது. பின்னர் வேளாண் பல்கலைக்கழகம் ஒன்று அதைத் தூய்மைப்படுத்தித் தன் பெயரின் முதலெழுத்துகளை முன்னே சேர்த்து வெளியிட்டது. தமக்குரிய அங்கீகாரம் கிடைக்கவில்லை என்ற குறையோடுதான் கோப்ரகடே 2018இல் மறைந்தார். ஐவகைப் பகுப்பில் அவரை எங்கே வைப்பது? ‘ஏற்போர்’ பட்டியலில் ‘ஆக்கியோர்’ என்ற கட்டமே இல்லையே.

தேசிய மாதிரி ஆய்வு நிறுவனத்தின் 2003ஆம் ஆண்டு ஆய்வு, விவசாயக் குடும்பங்கள் நவீனத் தொழில்நுட்பத் தகவலை எங்கிருந்து பெறுகின்றன என்று கேட்டது. சக முன்னோடி விவசாயிகளிடமிருந்து 16.7 சதவீதம், உரம், பூச்சிமருந்துக் கடைக்காரரிடமிருந்து 13.1 சதவீதம், வேளாண் அறிவியல் நிலையங்களிடமிருந்து 0.7 சதவீதம். பத்தாண்டு கழித்து நடந்த ஆய்விலும், ஏறத்தாழ 59 சதவீதக் குடும்பங்கள் எவரிடமிருந்தும் தொழில்நுட்ப உதவி பெறவில்லை. இதற்கு நிலையப் பணியாளர்களின் சோம்பலைக் காரணம் காட்டுவது அநீதி. 1974இல் புதுச்சேரியில் தொடங்கி இன்று எழுநூறைக் கடந்துவிட்ட இந்நிலையங்களில், ஒரு மாவட்டம் முழுமைக்கும் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களே 16. அவற்றுள் பொருள்வல்லுநர்கள் 6 பேர். ஆனால் கடைக்காரர் எதனால் முந்துகிறார் என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. அவர் அருகில் இருக்கிறார், கடன் தருகிறார், ஊர்ப் பேச்சில் பேசுகிறார். விற்பவரே மருந்துச் சீட்டும் எழுதுகிறார் என்பது வேறு கதை.

வேறு கதை என்று தள்ளிவிடவும் முடியாது. 2017இல் யவத்மால் மாவட்டத்தின் பருத்தி வயல்களில் பூச்சிமருந்து தெளித்தவர்களில் 20 பேருக்கு மேல் இறந்தனர். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். அவர்களில் பலர் நிலவுடைமையாளர் அல்லர், கூலிக்குத் தெளித்தவர்கள். விரிவாக்கம் ‘விவசாயி’ என்று விளிக்கும்போது அவர்களைப் பெரும்பாலும் விளிப்பதே இல்லை. மருந்துடன் வைக்கப்படும் துண்டறிக்கையோ இந்தி, ஆங்கிலம், வட்டார மொழி என்ற வரிசையில், பொடி எழுத்துகளில் பேசுகிறது. எழுத்தறியாதவருக்காக நச்சுத்தன்மையைச் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்ற நான்கு முக்கோணங்களாக வகுத்திருக்கிறார்கள். பச்சை என்றால் நஞ்சில்லை என்று பொருளன்று, நஞ்சு குறைவு என்றே பொருள். பயிரின் நிறத்தையே எச்சரிக்கைக் குறியாக்கியவர்கள், வயலில் நிற்கும் ஒருவரிடமாவது அதைக் காட்டிப் பொருள் கேட்டிருந்தால் போதுமே.

யவத்மாலில் கோலாமி பேசுவோர் வாழ்கின்றனர். திராவிட மொழியியல் பயின்றோர் இம்மொழியை அறிவர். எமனோவின் புகழ்பெற்ற கோலாமி இலக்கணம் 1955இல் வெளிவந்தது. ஆக, கோலாமியின் வினைத்திரிபுகள் உலகப் பல்கலைக்கழக நூலகங்களில் எழுபது ஆண்டுகளாகக் கிடைக்கின்றன. முகக்கவசமின்றித் தெளிக்காதே, காற்றுக்கு எதிராகத் தெளிக்காதே என்று அம்மொழியில் அச்சிட எந்த விதியும் கட்டாயப்படுத்தவில்லை. இதில் மொழியியல் துறைகளுக்கும் பங்குண்டு. சொற்பட்டியல் திரட்ட ஊருக்குச் சென்றவர்கள் திரும்பும்போது ஊருக்கு எதை விட்டுவந்தார்கள்?

இத்தனை மொழிகளுக்கும் செலவு கட்டுப்படியாகுமா என்று கேட்பார்கள். 22 மொழிகளில் பதில் தருவதாகச் சொல்லும் உழவர் அழைப்பு மையமே இருக்கிறதே என்றும் சொல்வார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பீலி மொழியைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஒரு கோடிக்கும் மேல். எட்டாவது அட்டவணையில் அம்மொழிக்கு இடமில்லை. ஒரு கோடிப் பேரின் மொழியைச் சிறுபான்மைச் செலவு என்று எழுதும் கணக்கு எந்தப் பொருளியலில் செல்லும்?

வேளாண் பட்டப்படிப்பின் இறுதியாண்டில் மாணவர்கள் ஊரகப் பணி அனுபவத்திற்காகக் கிராமங்களுக்குச் செல்கின்றனர். பங்கேற்பு மதிப்பீடு என்ற பெயரில் ஊர் மக்களை அமர்த்தி, வண்ணப் பொடியால் தரையில் ஊரின் வரைபடத்தை வரைகின்றனர். ஒளிப்படம் எடுக்கின்றனர். அப்படம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்படும் பதிவேட்டில் ஒட்டப்பட்டு மதிப்பெண் பெறுகிறது. தரையில் வரைந்தது அடுத்த மழையோடு போகிறது. அப்பதிவேட்டை ஊரார் பேசும் மொழியில் எழுதச் செய்வதற்கும், ஒரு படியை ஊராட்சி அலுவலகத்தில் வைப்பதற்கும், வாய்மொழித் தேர்வை அதே மரத்தடியில் ஊரார் முன்னிலையில் நடத்தி அவர்களையும் வினாக் கேட்க விடுவதற்கும் புதிய நிதி எதுவும் வேண்டியதில்லை. ஒரு கல்விக்குழுத் தீர்மானம் போதும்.