கடல் குதிரைக்குத் தொட்டி வாங்க முதல்



குள்ளக் கடல் குதிரை வளர்க்கும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு வகுப்பில் பிள்ளைகள் கேட்கிறார்கள். பெற்றோர் சிலரும் கேட்டார்கள், "சின்னத் தொட்டிதானே சேர், நாங்களும் வைக்கலாமா?" என்று. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கே எழுதிவிடுகிறேன்.

வைப்பது தவறில்லை. ஆனால் இரைக்கு வழி செய்யாமல் தொட்டி வாங்குவதும், களப்பில் பிடித்ததைப் போத்தலில் கொண்டுவந்து போடுவதும் தவறு என்பதுதான் என் கருத்து.

முதலில் ஒன்று. வீடியோவில் வருவது எங்கள் புத்தளம் களப்பில் இருக்கும் கடல் குதிரை அல்ல. அது புளோரிடா, மெக்சிக்கோ வளைகுடாப் பக்கத்துக் கடற்புல்லில் வாழும் இனம். வளர்ந்தாலும் 2.5 சென்ரிமீற்றர் அளவுதான். அதனால்தான் 20 லீற்றர் தொட்டி அதற்குப் போதும். களப்பில் வலையில் சிக்குவது அதைவிடப் பல மடங்கு பெரியது. அதை அந்தச் சின்னத் தொட்டியில் போட்டால் நிமிர்ந்து நீந்தவே இடமிருக்காது. இயற்கையில் பிடிபட்டது செத்த இரையைப் பெரும்பாலும் தொடாது, பட்டினி கிடந்தே சாகும். கடல் குதிரை இனங்கள் எல்லாவற்றின் சர்வதேச வியாபாரமும் 2004 முதல் கட்டுப்பாட்டில் இருப்பது சும்மா அல்ல. வாங்குவதென்றால் பண்ணையில் பிறந்ததைக் கேட்டு வாங்குங்கள். கடைக்காரரால் எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாவிட்டால் திரும்பி வந்துவிடுங்கள்.

இனி இரை. கடல் குதிரைக்கு இரைப்பை இல்லை, பல்லும் இல்லை. தின்றது விரைவாகக் குடலால் போய்விடும். ஆகவே குள்ள இனத்துக்கு ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று தடவையாவது உயிருள்ள ஆர்ட்டீமியாக் குஞ்சு கொடுக்க வேண்டும். முட்டையை உப்புத் தண்ணீரில் போட்டுக் காற்று விட்டால் ஒரு நாளளவில் பொரிக்கும். பொரித்த புதிதில்தான் அதில் சத்து அதிகம். அதனால் இரண்டு போத்தல் வைத்து, இன்று ஒன்று, நாளை மற்றது என்று மாற்றி மாற்றிப் பொரிக்க வைக்க வேண்டும். பெருநாளைக்கு உம்மா வீட்டுக்குப் போனால் யார் பொரிக்க வைப்பது? தொட்டி வாங்க முதல் வீட்டில் பேச வேண்டிய கேள்வி இது.

சின்னத் தொட்டி இலகு என்பதும் பிழையான எண்ணம். தண்ணீர் குறைவென்றால் எல்லாமே சீக்கிரம் மாறும். எங்கள் வெயிலுக்குத் தண்ணீர் ஆவியாகும், உப்பு அப்படியே தங்கிவிடும். குறைந்த அளவை நல்ல தண்ணீரால்தான் நிரப்ப வேண்டும், உப்புத் தண்ணீரால் அல்ல. இந்த இனத்துக்கு 25 பாகைக்குக் கிட்டிய குளிர்ச்சி நல்லது. எங்கள் அறைகளில் அது சும்மா கிடைக்காது, கரன்ட் பில்லையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். 2022இல் இருந்த மின்வெட்டை மறந்திருக்க மாட்டீர்கள். பற்றரியில் ஓடும் எயார் பம்ப் ஒன்று கட்டாயம். வடிகட்டியும் ஸ்பொன்ஜ் வகையாக இருக்கட்டும், வேகமான நீரோட்டத்தை இவற்றால் தாங்க முடியாது. பிடித்துக்கொள்ள வாலுக்கு ஏதாவது வேண்டும். தொட்டியை நிரப்பிய அன்றே உயிரைப் போடாதீர்கள். அமோனியாவை மாற்றும் பற்றீரியா வளர நான்கு முதல் ஆறு கிழமை எடுக்கும். பிள்ளைகள் படிக்கும் நைதரசன் வட்டம்தான் இது.

மார்க்கத்தில் இதற்கு இடமிருக்கிறதா என்றும் ஒருவர் கேட்டார். அபூ உமைர் என்ற சிறுவர் வளர்த்த குருவியைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் அன்போடு விசாரித்த ஹதீஸை எல்லோரும் சொல்வார்கள். பூனையைக் கட்டிவைத்து, தீனும் போடாமல், தானாகத் தேடித் தின்னவும் விடாத பெண்ணைப் பற்றிய ஹதீஸையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கண்ணாடிக்குள் இருப்பது எங்கே போய்த் தேடித் தின்னும்?

ஆசை உள்ளவர்கள் முதலில் இரண்டு போத்தலும் ஆர்ட்டீமியா முட்டையும் மட்டும் வாங்குங்கள். மீன் இல்லாமல், ஒரு மாதம், ஒரு நாளும் விடாமல் பொரிக்க வைத்துப் பாருங்கள். பிள்ளையிடமே அந்த வேலையைக் கொடுங்கள். மாத முடிவில் போத்தல் இரண்டும் ஓடிக்கொண்டிருந்தால் எனக்கு மெசேஜ் போடுங்கள், தொட்டியின் அளவைப் பற்றிப் பேசுவோம்.