மாசிலாமணிக்குச் சம்பளம் கொடுத்தது யார்?

பிளேஸ்மென்ட் முடிஞ்சு ரெண்டு வாரம் ஆகுது. ஆஃபர் கிடைச்சவங்க எல்லாரும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல லெட்டரைப் போட்டாச்சு. கிடைக்காதவங்க ஸ்டேட்டஸ் பக்கமே போறதில்ல. நம்ம ஷார்ட் ஃபிலிம் குரூப்ல மட்டும் வேற ஒரு சண்டை ஓடுது. "வேலைக்குப் போயிட்டா சினிமா அவ்வளவுதான் மச்சான்" என்று ஒரு கட்சி. "முதல்ல எஜுகேஷன் லோனை அடை, அப்புறம் கலையை வளர்க்கலாம்" என்று இன்னொரு கட்சி. என் கையில ஆஃபர் லெட்டரும் இருக்கு, பன்னிரண்டு பக்கத்துல ஒரு கதையும் இருக்கு. அதனால ரெண்டு கட்சியும் என்னைத்தான் பிடிச்சு இழுக்குது.

ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஆளைப் பதிலாச் சொல்றேன்: பார்த்திபன். சிரிக்காதீங்க. மைக் கிடைச்சா வார்த்தையைப் பிரிச்சுப் பிரிச்சு விளையாடுவாரே, அவரேதான்.

'ஒத்த செருப்பு சைஸ் 7' பார்த்திருக்கீங்களா? 2019-ல வந்தது. எழுதி, இயக்கி, தயாரித்து, நடித்தது எல்லாம் அவரே. போலீஸ் விசாரணை அறையில் மாசிலாமணி என்கிற செக்யூரிட்டி. திரையில் வேறு ஒரு முகம்கூட கிடையாது. விசாரிக்கிற போலீஸ்காரர்கள் வெறும் குரல்தான். நான் இதை ராத்திரி ஹெட்ஃபோன் போட்டு ஃபோன்ல பார்த்தேன். கொஞ்ச நேரத்துல ஒரு வேடிக்கை நடந்தது. முகமே காட்டாத அந்த போலீஸ்காரர்களுக்கு நானே முகம் வைக்க ஆரம்பிச்சுட்டேன். ஒருத்தருக்குத் தொப்பை, ஒருத்தருக்கு எங்க தெரு டீக்கடைக்காரரோட மீசை. குரல் இடப்பக்கம் வந்தா அங்க ஒருத்தர் நிக்கிறார்னு மூளை நம்பிடுது. கூட்டம் கூட்டமா ஆள் வச்சு எடுக்க வேண்டியதை ஒலி செஞ்சு முடிச்சிருக்கு. அந்த ஒலிக்கலவைக்கு ரசூல் பூக்குட்டிக்குத் தேசிய விருது, படத்துக்காக பார்த்திபனுக்கு ஜூரியின் சிறப்பு விருது. கன்ஸ்ட்ரெயின்ட் வச்சு ஆப்டிமைஸ் பண்றதை நமக்கு மூணாவது செமஸ்டர்ல போர்டுல எழுதிக் காட்டினாங்க. எனக்கு அது புரிஞ்சது இந்தப் படத்துலதான்.

இது திடீர்னு வந்த யோசனையும் இல்ல. 1999-ல அவர் எடுத்த 'ஹவுஸ்ஃபுல்' கதையே ஒரு தியேட்டருக்குள்ள நடக்குது. உள்ளே வெடிகுண்டு, ஆனா படம் பார்க்கிறவங்களுக்குத் தெரியாது. அந்த ஒரு தியேட்டர் இருபது வருஷத்துல ஒரு அறையா, ஒரு ஆளா சுருங்கியிருக்கு.

சரி, தலைப்புக் கேள்விக்கு வரேன். மாசிலாமணிக்குச் சம்பளம் யார் கொடுத்தது? படத்தோட தயாரிப்பாளர் பார்த்திபன். அந்தத் தயாரிப்பாளரைத் தாங்கினவர் யார்னு அவர் நடிச்ச படங்களை வரிசையா எழுதிப் பார்த்தேன். பாக்யராஜிடம் உதவி இயக்குநரா இருந்து 1989-ல 'புதிய பாதை'. முதல் படத்துக்கே தமிழில் சிறந்த படம்னு தேசிய விருது, அதுல நடிச்ச மனோரமாவுக்கும் தேசிய விருது. அதுக்கப்புறம் சொந்தப் படங்களுக்கு நடுவுல பாருங்க: சேரனோட 'பாரதி கண்ணம்மா', தங்கர் பச்சானோட 'அழகி', செல்வராகவனோட 'ஆயிரத்தில் ஒருவன்', 'நானும் ரௌடிதான்'ல வில்லன். 2022 ஜூலையில் சொந்தமா 'இரவின் நிழல்', செப்டம்பர் கடைசியில் மணிரத்னத்தோட 'பொன்னியின் செல்வன்'ல சின்னப் பழுவேட்டரையர். என் கணக்குல, ஊரான் படத்துல நடிச்ச பார்த்திபன்தான் சொந்தப் படம் எடுக்கிற பார்த்திபனைக் காப்பாத்தினவர். எங்க பக்கம் இதுக்குப் பேரு ஓவர்டைம்.

அதுக்காக எல்லாம் சுகமா போச்சுன்னு நினைக்காதீங்க. 'ஒத்த செருப்பு' வந்த 2019 செப்டம்பர் 20 அன்னைக்குத்தான் சூர்யாவோட 'காப்பான்' வந்தது. 2024-ல பசங்களை வச்சு எடுத்த 'டீன்ஸ்' ஜூலை 12-ல வந்தது, 'இந்தியன் 2'-ஓட அதே நாள். அந்த நாள்ல எத்தனை ஸ்கிரீன் இவருக்கு மிஞ்சியிருக்கும்னு யோசிங்க. சுதந்திரமா படம் எடுக்கலாம், தியேட்டர் கிடைக்கிறது வேற ஒருத்தர் கையில.

அவர்கிட்ட எனக்குப் பிடிக்காததையும் சொல்லிடுறேன். 'இரவின் நிழல்' ஒரே ஷாட்டில், கதை முன்னும் பின்னும் போற மாதிரி எடுத்தது. அந்த உழைப்புக்கு கும்பிடு. ஆனா "உலகின் முதல்"னு விளம்பரத்துல போட்டாங்க. ஈரானில் ஷஹ்ராம் மொக்ரி 'ஃபிஷ் அண்ட் கேட்' என்று ஒரே ஷாட்டில் காலத்தைச் சுத்திச் சுத்திக் காட்டின படத்தை 2013-லேயே எடுத்துட்டார். அப்புறம் படத்தை விட்டுட்டு எது முதல்னு எல்லாரும் பேசினாங்க. படம் முடிஞ்சப்போ எனக்கும் கேமரா எப்படிப் போச்சுன்னுதான் ஞாபகம் இருந்தது, அந்த மனுஷன் அழுதது இல்ல. மாசிலாமணி விஷயத்துல அப்படி ஆகல.

இப்ப என் பன்னிரண்டு பக்கம். எங்கப்பா கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுறார். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல ஹார்பருக்குப் போற வரிசையை நீங்க பஸ்ல இருந்து பார்த்திருப்பீங்க, பார்த்துத் திட்டியிருப்பீங்க. அந்த வரிசையில ராத்திரி முழுக்க கேபினுக்குள்ள உட்கார்ந்திருக்கிற ஒரு டிரைவர்தான் கதை. வட சென்னைன்னா எல்லாரும் கத்தியைத்தான் காட்டுறாங்க. எங்க ஆளுங்க வாழ்க்கையில பாதி, வரிசை நகருமான்னு பார்த்துட்டு உட்கார்ந்திருக்கிறதுதான். ஒரு ஆள், ஒரு கேபின், ஃபோன்ல பொண்டாட்டி குரல், வெளியே கிளீனர்ங்க சத்தம், கடல் காத்து. முதல்ல பதினாலு கேரக்டர் வச்சிருந்தேன். 'ஒத்த செருப்பு' பார்த்துட்டு பதிமூணு பேரைக் குரலா மாத்திட்டேன்.

வேலைக்குப் போறேன். ஜூலையில ஜாயினிங். முதல் மூணு மாச சம்பளத்துல வீட்டுக்குக் கொடுத்தது போக மிஞ்சுறதுல நல்ல மைக்கும் ரெக்கார்டரும் வாடகைக்கு எடுக்கணும். கேமரா ஃபோன்தான். இதைச் சொன்னதும் முதல் கட்சிக்காரங்க "வித்துட்டான்டா"ன்னாங்க. ரெண்டாவது கட்சி "லோன்?"னு கேட்டது. அதையும் அதே சம்பளத்துல கழிச்சுத்தான் கணக்குப் போட்டிருக்கேன்.

அப்பாகிட்ட கதையைச் சொன்னேன். முழுசாக் கேட்டார். "ராத்திரி முழுக்க ஒருத்தன் சும்மா உக்காந்திருக்கிறதை எவன்டா பார்ப்பான்?"னார். அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு அவரே, "அவன் தூங்கக் கூடாதுன்னு ரேடியோவைச் சத்தமா வைப்பான், அதைப் போட்டியா?"ன்னு கேட்டார். போடல. இப்பப் போட்டாச்சு.

வண்டி எங்களோடது இல்ல. ஒரு ஞாயித்துக்கிழமை ஷூட்டிங்குக்கு நிறுத்தித் தரச் சொல்லி ஓனர்கிட்ட அப்பாதான் கேக்கணும். இன்னும் கேக்கல.